வருடத்துக்கு 5-ஆ, 20-ஆ, 26-ஆ? மருத்துவமனைகளுக்கு ஆபரேஷன் வரம்பு வைக்கும் நாடுகள்

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் அந்தக் குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போல் ஆக்கி மேலே இழுத்துத் தைப்பார்கள். மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கை வைக்க வேண்டிய பெரிய ஆபரேஷன். இதைச் செய்ய ஒரு மருத்துவமனைக்குத் தகுதி வேண்டுமென்றால் வருடத்துக்குக் குறைந்தது எத்தனை செய்ய வேண்டும்? பிரான்சு 5 என்கிறது. நெதர்லாந்து 2011-இல் 20 என்றது. ஜெர்மனி 26. அமெரிக்காவில் 20 என்று ஒரு தனியார் அமைப்பு சொல்கிறது. அதைக் கேட்பதும் விடுவதும் மருத்துவமனையின் இஷ்டம். இந்தியாவில் எண்ணே கிடையாது.

இதைப் பார்த்ததும் எந்த எண் சரி என்ற கேள்விதான் முதலில் வரும். எனக்கு அது இரண்டாவது கேள்வி. வரம்பைத் தொடாத மருத்துவமனையை யார், எதைக் கொண்டு நிறுத்துகிறார்கள் என்பதில்தான் இந்த நாடுகள் உண்மையில் பிரிகின்றன. ஒரு மாநில அரசோ, காப்பீட்டுத் திட்டமோ இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ள நினைத்தால் அங்கிருந்துதான் ஒப்பிட வேண்டும்.

முதலில், எண்ணிக்கையை ஏன் பிடித்துக்கொள்கிறார்கள்? 1979-இல் லஃப்ட், பங்கர், என்தோவன் என்ற மூவர் ஏறத்தாழ 1,500 அமெரிக்க மருத்துவமனைகளில் 12 வகை ஆபரேஷன்களை ஆராய்ந்தார்கள். திறந்த இதய ஆபரேஷன், ரத்தக்குழாய் ஆபரேஷன் போன்றவற்றை வருடத்துக்கு 200-க்கு மேல் செய்த இடங்களில் இறப்பு தெளிவாகக் குறைவு. 2002-இல் பிர்க்மையர் குழு அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில் இருந்த முதியவர்களின் சுமார் 25 லட்சம் ஆபரேஷன்களைப் பார்த்தது. கணையத்தை வெட்டியெடுக்கும் ஆபரேஷனில், மிகக் குறைவாகச் செய்யும் இடங்களில் நூற்றுக்கு 16 பேர் இறந்தார்கள். மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. அதே ஆய்வில், கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கும் ஆபரேஷனில் இந்த வித்தியாசம் 1.7-க்கும் 1.5-க்கும் இடையில் அடங்கிவிட்டது. எல்லா ஆபரேஷனுக்கும் ஒரே தராசு பொருந்தாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

எண்ணிக்கை எதற்கு, இறப்பு விகிதத்தையே பார்க்கலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு இடம் தராது. ஒரு மருத்துவமனை வருடத்துக்குப் பத்து கணைய ஆபரேஷன் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான இறப்பு அபாயம் 15 சதவீதம், அதாவது மோசமான இடம். அப்படியிருந்தும் ஒரு வருடத்தில் ஒருவர்கூட இறக்காமல் போக ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 5 சதவீத அபாயமுள்ள நல்ல இடத்தில் அந்த வாய்ப்பு ஐந்தில் மூன்று. இரண்டுமே ‘இந்த வருடம் இறப்பே இல்லை’ என்று பலகை வைக்கலாம்; வெளியே நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. குறைவாகச் செய்யும் இடத்தை அதன் இறப்பு விகிதத்தை வைத்தே எடைபோட முடியாது என்பதால்தான் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சர்ஜனின் கைப்பழக்கம் மட்டும்தான் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். கணையத் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் ஆபரேஷனைப் பாருங்கள். கணையத்தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி எல்லாம் போய்விடும். அப்புறம் மூன்று இடங்களில் குடலோடு இணைக்க வேண்டும். அதில் கணையத்தோடு சேர்க்கும் தையல்தான் தொல்லை. கணையம் மென்மையாக இருந்து, அதன் நாளமும் சில மில்லிமீட்டர்தான் என்றால் எவ்வளவு கெட்டிக்காரர் தைத்தாலும் கசிவு வரலாம். கசிகிற நீர் கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கக்கூடியது. பக்கத்தில் ஓடும் தமனியை அரித்துவிட்டால் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் திடீரென்று ரத்தம் கொட்டும். அதற்கு முன்னறிவிப்பாக வடிகுழாயில் கொஞ்சம் சிவப்பு தெரியும். அதைப் பார்த்து ‘பழைய ரத்தமாக இருக்கும்’ என்று விட்டுவிடாத நர்ஸ் வேண்டும். ராத்திரியிலேயே சி.டி. எடுத்து, ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு அடைக்கத் தெரிந்த ரேடியாலஜிஸ்ட் வேண்டும்.

2009-இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு இதை எண்ணாகவே காட்டியது. பொது அறுவை, ரத்தக்குழாய் அறுவை நோயாளிகளில், இறப்பு குறைந்த மருத்துவமனைகளிலும் கூடிய மருத்துவமனைகளிலும் சிக்கல் வந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுதான்: நூற்றுக்கு 25 பேரும் 27 பேரும். ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் ஓரிடத்தில் 12.5 சதவீதம், இன்னோரிடத்தில் 21.4. சிக்கல் எல்லா இடத்திலும் வருகிறது. அதிலிருந்து ஆளை மீட்பதில்தான் வித்தியாசம். அந்தப் பழக்கம் சர்ஜன் ஒருவருக்கு மட்டும் வந்தால் போதாது, வார்டுக்கே வர வேண்டும்.

சரி, நாடுகளுக்கு வருவோம்.

ஜெர்மனியின் கதையைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடம் அங்கேதான் அதிகம். டாக்டர்கள், மருத்துவமனைகள், காப்பீட்டு நிதியங்கள் என எல்லாத் தரப்பும் உட்காரும் கூட்டாட்சிக் கூட்டுக்குழு ஒன்று அங்கே இருக்கிறது. 2004-இல் அது முதல் வரம்புகளைக் கொண்டுவந்தது. உணவுக்குழாய்க்கும் கணையத்துக்கும் முதலில் 5, பிறகு 10. முழங்கால் மூட்டு மாற்றுக்கு 50. காகிதத்தில் சட்டம் கறாராகத்தான் இருந்தது. ஆனால் பல வருடத் தரவுகளை எடுத்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு, வரம்பைத் தொடாத மருத்துவமனைகள் ஏகத்துக்கு இருந்ததையும், ஆண்டுகள் போகப் போகப் பெரிதாக எதுவும் மாறவில்லை என்பதையும் காட்டியது. விலக்குகள் தாராளம், சரிபார்க்க ஆள் இல்லை, பணமும் வந்துகொண்டே இருந்தது.

மாறியது 2018-க்குப் பிறகு. இப்போது ஒவ்வொரு மருத்துவமனையும் ஆகஸ்டு 7-க்குள் காப்பீட்டு நிதியங்களின் மாநில அமைப்புகளிடம் ஒரு முன்கணிப்பு கொடுக்க வேண்டும்: போன வருடம் இத்தனை செய்தோம், இந்த ஜூன் வரை முடிந்த பன்னிரண்டு மாதத்தில் இத்தனை, அடுத்த வருடமும் வரம்பைத் தொடுவோம். அதை நம்ப முடியாது என்று தக்க காரணத்தோடு அவர்கள் மறுத்துவிட்டால் அடுத்த வருடம் அந்த ஆபரேஷனைச் செய்யக்கூடாது. மீறிச் செய்தால் ஒரு காசும் வராது. அவசரகால கேஸுக்கு விலக்கு உண்டு. புதிதாகத் தொடங்கும் இடத்துக்கு முதல் வருடம் பாதி எண்ணிக்கை போதும், இரண்டாம் வருடம் முழுசாக எட்ட வேண்டும். எந்த மருத்துவமனைக்கு எந்த ஆபரேஷனுக்கு அனுமதி இருக்கிறது என்பதை ஏஓகே என்ற பெரிய காப்பீட்டு நிதியம் வரைபடமாகவே போடுகிறது; யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்தப் பிடி கிடைத்த பிறகுதான் எண்களையும் ஏற்றினார்கள். உணவுக்குழாய் 2023-இலிருந்து 26, அதாவது இரண்டு வாரத்துக்கு ஒன்று. கணையம் 20, மார்பகப் புற்றுநோய் 100, நுரையீரல் புற்றுநோய் 75. இந்த மூன்றும் ஓர் இடைக்கால எண்ணைத் தாண்டி 2025-இல் முழு அளவுக்கு வந்தன. 1,250 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கான வரம்பு 14-இலிருந்து 20, பிறகு 25.

நீதிமன்றப் படிகளையும் ஜெர்மனி நிறைய ஏறி இறங்கியிருக்கிறது. முழங்கால் வரம்பு 2011-இல் நின்று போய் 2015-இல்தான் திரும்பி வந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு 30 என்று வைக்கப் பார்த்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. 14 போதும் என்றது. ஏன் 30, ஏன் 27 இல்லை என்று கேட்டால் யாராலும் திருப்தியான பதில் சொல்ல முடியாது. தரவில் வளைகோடு மெதுவாக இறங்குகிறதே தவிர, இந்த இடத்தில் வெட்டு என்று எந்தப் படியும் இல்லை. எண் வைப்பது எப்போதும் ஓரளவுக்குப் பேரம்தான். அதை ஒத்துக்கொண்டு வைப்பது நல்லது.

நெதர்லாந்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. கணைய ஆபரேஷனைச் சில இடங்களுக்குக் குவியுங்கள் என்று 1990-களின் நடுவிலிருந்தே அங்கே டாக்டர்கள் கட்டுரைமேல் கட்டுரை எழுதினார்கள். சுமார் பத்து வருடம் கழித்து, 2005-இல் வந்த ஆய்வு சொன்னது: இறப்பும் குறையவில்லை, நோயாளிகளை அனுப்பும் பழக்கமும் மாறவில்லை. வேண்டுகோளின் பலம் அவ்வளவுதான். அடுத்த வருடம் சுகாதார ஆய்வுத்துறை உணவுக்குழாய்க்கு 10 என்று வரம்பு வைத்தது. 2011-இல் சர்ஜன்களின் சங்கமே முன்வந்து உணவுக்குழாய்க்கும் கணையத்துக்கும் 20 என்றது. கூடவே ஒவ்வொரு ஆபரேஷனையும் பதியும் தேசியத் தணிக்கையும் சேர்ந்துகொண்டது.

சர்ஜன்கள் தாங்களே வைத்த வரம்பு என்பதால் ஜெர்மனி அளவுக்கு வழக்கு இல்லை. குவிந்ததன் பலனும் சீக்கிரமே தெரிந்தது. கணைய ஆபரேஷன் செய்யும் 17 மையங்களும் சேர்ந்து, கசிவை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஒரு நடைமுறையை நாடு முழுக்கச் சோதித்தன. 2022-இல் முடிவு வந்தது: மோசமான சிக்கல் அல்லது இறப்பு 14 சதவீதத்திலிருந்து 8-ஆக இறங்கியது. நூறு மருத்துவமனைகளில் சிதறிக் கிடந்திருந்தால் இப்படியொரு சோதனையை நடத்தியிருக்கவே முடியாது என்று நினைக்கிறேன்.

ஆனால் அதே நெதர்லாந்தில் குழந்தைகளின் இதய ஆபரேஷன் விஷயம் சிக்கலாகிவிட்டது. நான்கு மையங்களை இரண்டாக்க வேண்டும் என்பதில் நீண்ட நாள் பேச்சு. ஓர் அமைச்சர் உட்ரெக்டையும் ராட்டர்டாமையும் சொன்னார். அடுத்து வந்தவர் 2023-இல் ராட்டர்டாமையும் குரோனிங்கனையும் சொன்னார். 2024 தொடக்கத்தில் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. எண் வைத்து எட்டாதவரை விலகச் சொல்வது ஒரு வகை. நீ இரு, நீ போ என்று பெயர் சொல்லி எடுப்பது இன்னொரு வகை. அதற்கு அரசியல் தெம்பு வேறு வேண்டும். ஸ்வீடன் அதை 1993-லேயே செய்துவிட்டது: குழந்தை இதய ஆபரேஷன் நான்கு ஊர்களிலிருந்து லுண்ட், கோத்தென்பர்க் என இரண்டுக்கு வந்தது. இறப்பு 9.5 சதவீதத்திலிருந்து 1.9-க்கு இறங்கியதாகப் பிறகு கணக்கிட்டார்கள். அதே காலத்தில் சிகிச்சை முறைகளும் முன்னேறின, முழுப் புகழையும் குவித்ததற்கே கொடுக்க முடியாது.

டென்மார்க்கும் இங்கிலாந்தும் ஏறக்குறைய இந்தத் திட்டமிடும் வழிதான். இங்கிலாந்தில் 2001-இல் வந்த வழிகாட்டுதல், கணையப் புற்றுநோய் மையம் ஒன்று 20 முதல் 40 லட்சம் மக்களுக்குப் பொறுப்பாக இருக்கட்டும் என்று மக்கள்தொகையை வைத்துப் பேசியது. எத்தனை ஆபரேஷன் என்று நேரடியாகக் கேட்பதைவிட இது ஒரு விதத்தில் புத்திசாலித்தனம்: எண்ணிக்கையை எட்டுவதற்காக ஆள் பிடிக்கும் வேலைக்கு இடமில்லை. பணமும் நிர்வாகமும் ஒரே அரசின் கையில் இருந்தால்தான் இது நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரான்சு உரிமம் வழியாகப் போகிறது. புற்றுநோய் ஆபரேஷன் செய்ய வட்டாரச் சுகாதார முகமையின் அனுமதி வேண்டும். பழைய விதியில் மார்பகத்துக்கு 30, ஜீரண மண்டலம் முழுவதற்கும் சேர்த்து 30. பெருங்குடல் ஆபரேஷன் முப்பது செய்துவிட்டு, வருடத்துக்கு ஒரே ஒரு கணையத்தையும் தொடலாம் என்ற ஓட்டை அதில் இருந்தது. 2022-இல் திருத்தினார்கள்: மார்பகம் 70, உணவுக்குழாய், கணையம், கல்லீரல், இரைப்பை, மலக்குடல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 5. ஓட்டை அடைபட்டது, ஆனால் 5 என்பது இரண்டு மாதத்துக்கு ஒன்றுகூட இல்லை. மேலே விப்பிளைப் பற்றிச் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது பயிற்சிக்குப் போதாது. சின்ன ஊர்களின் மருத்துவமனைகளைச் சமாதானப்படுத்த வைத்த எண் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கா ஒரே நாட்டுக்குள், வேண்டுகோளாகச் சொல்வது, பணத்தை நிறுத்துவது என்ற இரண்டு வழிகளையும் காட்டுகிறது. பெரிய நிறுவனங்கள் சேர்ந்து 2000-இல் தொடங்கிய லீப்ஃபிராக் குழு, கணையத்துக்கும் உணவுக்குழாய்க்கும் 20 என்று அளவு வைத்து, யார் எட்டுகிறார்கள் என்று வெளியிடுகிறது. 2015-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், மிச்சிகன், டார்ட்மத்-ஹிச்காக் மூன்றும் பத்து வகை ஆபரேஷன்களுக்குத் தங்கள் மருத்துவமனைகளிலேயே வரம்பு வைத்து உறுதிமொழி எடுத்தன. நல்ல காரியம், ஆனால் அளவை எட்டாத மருத்துவமனையை அங்கே யாரும் நிறுத்துவதில்லை. இதற்கு நேர்மாறானது மெடிகேர். திறந்த ஆபரேஷன் இல்லாமல் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக இதய வால்வு வைக்கும் சிகிச்சைக்கு, 2019 விதிப்படி வருடத்துக்கு மொத்தம் 50 அயோர்ட்டா வால்வு மாற்று, அதில் குறைந்தது 20 கத்தீட்டர் வழி. இல்லையென்றால் பணம் இல்லை. அதற்கு மட்டும் எல்லாரும் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பார்கள்.

இந்த முறைகளுக்கு எதிரான வாதங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது தூரம். 1999-இல் ஒரு சின்ன ஆய்வில் நூறு பேரிடம், உங்களுக்குக் கணையப் புற்றுநோய் ஆபரேஷன் தேவை என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். உள்ளூர் மருத்துவமனை ஒன்று, நான்கு மணி நேரம் தள்ளி இன்னொன்று. இறப்பு அபாயம் இரண்டிலும் 3 சதவீதம் என்றால் எல்லாருமே உள்ளூர். உள்ளூரில் 6 சதவீதம், தூரத்தில் 3 என்று மாற்றிய பிறகும் 45 பேர் உள்ளூர்தான் என்றார்கள். அறியாமை என்று இதைத் தள்ள முடியாது. கூட இருக்க ஆள் வேண்டும், சாப்பாடு வேண்டும், கூலி போகும், வீட்டில் பிள்ளைகள் இருக்கும். வரம்பு வைக்கிற அரசு, நோயாளியோடு வருபவருக்குத் தங்குமிடமும் பயணச் செலவும் கொடுக்கத் தயாரில்லை என்றால் அந்த வரம்பின் விலையை ஏழைகள்தான் கொடுக்கிறார்கள்.

இன்னொரு வாதம், எண்ணை எட்டுவதற்காகத் தேவையில்லாத ஆபரேஷன். இது ஆபரேஷனைப் பொறுத்தது. தக்க காரணம் இல்லாமல் யாரும் விப்பிள் செய்ய மாட்டார்கள். முழங்கால் அப்படி இல்லை. இன்னும் ஒரு வருடம் பிசியோவில் ஓட்டலாமா, இப்போதே மாற்றலாமா என்பது இரு பக்கமும் சாயும். நவம்பரில் 47-இல் நிற்கும் மருத்துவமனைக்கு டிசம்பருக்குள் மூன்று மூட்டு கிடைக்காமலா போகும்? அதனால் அரிதான, ஆபத்தான, தேவையில்லாமல் செய்ய வழியில்லாத ஆபரேஷன்களுக்கு மட்டும் வரம்பு வைப்பதே சரி என்பது என் கருத்து. முழங்காலில் ஜெர்மனியைப் பின்பற்ற வேண்டாம்.

மருத்துவமனையை எண்ணுவதா சர்ஜனையா என்பதும் இருக்கிறது. 26 ஆபரேஷனை நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஆறு, ஏழுதான். லீப்ஃபிராக் இரண்டையும் கேட்கிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநிலம் 2019 முதல் சர்ஜனுக்கும் தனி எண் வைத்திருக்கிறது. இரண்டும் வேண்டும் என்பதுதான் நியாயம், ஆனால் சர்ஜன் கணக்கில் பயிற்சி டாக்டர் கத்தியைப் பிடித்தால் யார் பெயரில் எழுதுவது என்ற தகராறு எங்கும் உண்டு.

நம் மாநிலம் இதில் எதை எடுக்கலாம்? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பணம் கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. எனவே ஜெர்மன் வழி கைக்கு எட்டுவது. கணையம், உணவுக்குழாய் இரண்டோடு தொடங்கி, 10 என்று தாழ்வாக வைத்து, எட்டாதவர்களுக்கு அந்த ஆபரேஷனுக்கு மட்டும் பணம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் ஜெர்மனியில் ஏறக்குறைய எல்லாருமே காப்பீட்டுக்குள் இருப்பவர்கள். இங்கே நகையை அடகு வைத்துக் கையிலிருந்து கட்டுபவர்கள் ஏராளம். அவர்களைக் காப்பீட்டு விதி தொடாது. அதற்குப் பிரான்சு மாதிரி உரிமத்தில் கை வைக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: எண்ணவே தொடங்கவில்லை. சென்னையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. யாருக்கு என்ன புற்றுநோய் என்பது அதில் தெரியும். எந்த மருத்துவமனை எத்தனை விப்பிள் செய்தது, எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று பொதுமக்கள் பார்க்கிற மாதிரி ஒரு கணக்கு இல்லை. உறுப்பு மாற்று விதிகளில்கூட 25 என்று ஓர் எண் வருகிறது, ஆனால் அது உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு மருத்துவமனைக்குள்ளேயே இருக்கலாமா என்பதற்காக. ஆகவே, திட்டத்தில் பணம் வாங்கும் எல்லா மருத்துவமனையும் இந்த இரண்டு ஆபரேஷன் கணக்கை வருடா வருடம் வெளியிட வேண்டும் என்பதுதான் செய்யக்கூடிய முதல் விதி.

அதுவரை குடும்பங்கள் கைராசியை விசாரித்துத்தான் போகும். விசாரிக்கிறவர்கள் கூடவே இதையும் கேட்கலாம். இந்த ஆபரேஷன் இங்கே போன வருடம் எத்தனை நடந்தது? அதில் இந்த டாக்டர் எத்தனை செய்தார்? ராத்திரி ரத்தக்கசிவு வந்தால் ரத்தக்குழாய் வழியாக அடைக்கிற டாக்டர் இங்கேயே இருக்கிறாரா, வெளியிலிருந்து வர வேண்டுமா? நல்ல மருத்துவமனையில் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். பெரும்பாலும் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். ‘நிறைய பண்றோம்’ என்று மட்டும் பதில் வந்தால் இன்னோர் இடத்திலும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கணையம், உணவுக்குழாய் ஆபரேஷன்கள் பெரும்பாலும் சில நாள் தாங்கும், விசாரிக்க நேரம் இருக்கும். குடல்வாலுக்கு இந்த விசாரணை எதுவும் வேண்டாம், பக்கத்தில் சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.